ஓர் ஊழியருக்கு இரண்டு கணினி எதற்கு?

மார்ச் மாதம் பாதி தாண்டிவிட்டால், அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் தொலைபேசி ஓயாது. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு, அதாவது மதிப்பில் அவ்வளவைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதிதான். அந்தப் பாதியாவது இந்த ஆண்டுக் கணக்கில் ஏறட்டும் என்று 31ஆம் தேதிக்குள் வாங்கிப் போடும் அவசரம். அதோடு கூடவே வரும் கேள்வி இது: "டெஸ்க்டாப் எல்லாருக்கும் இருக்கிறது. மேனேஜர்களுக்கும் விற்பனைப் பிரிவுக்கும் கூடுதலாக ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்துவிடலாமா சார்?"

வேண்டாம் என்பதே என் பதில். நான் பார்த்துக்கொள்வது கோவை, திருப்பூர் வட்டாரத்துச் சிறிய, நடுத்தர நிறுவனங்கள்: பம்ப் கம்பெனி, பனியன் ஏற்றுமதி, ஆடிட்டர் அலுவலகம். தனியாகக் கணினிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் கதை வேறு. இங்கே ஆளுக்கு ஒரு கணினி போதும். அது லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதை அவர் செய்யும் வேலை முடிவு செய்யட்டும்.

முதலாளிகள் முதலில் கணக்குப் போடுவது விலையைத்தான். விலை ஒரு முறை கொடுத்தால் முடிந்துவிடும். இரண்டு கணினி என்றால் ஒரே ஃபைலுக்கு இரண்டு பிரதிகள். அந்தத் தொல்லை தினமும் தொடரும்.

ஒரு பம்ப் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தவருக்கு இரண்டும் கொடுத்திருந்தார்கள். டெஸ்க்டாப்பில் 'ரேட் லிஸ்ட் ஃபைனல்', லேப்டாப்பில் 'ரேட் லிஸ்ட் ஃபைனல் புதியது', மேசை இழுப்பறையில் கிடந்த பென்டிரைவில் 'ரேட் லிஸ்ட் ஃபைனல் 2 சரி'. பெயரைப் பார்த்தால் எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. தாமிர விலை ஏறியதும் மாற்றிய விலைப்பட்டியல் டெஸ்க்டாப்பில்தான் இருந்தது. 'புதியது' என்று பெயர் வைத்திருந்த ஃபைல் உண்மையில் அதற்கும் பழையது. வெளியூரில் வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து லேப்டாப்பிலிருந்து கொட்டேஷனை அனுப்பிவிட்டார். எழுத்தில் கொடுத்த விலை ஆயிற்றே. அந்த விலைக்கே சரக்குப் போனது. அவர் கவனக்குறைவானவர் அல்லர். இரண்டு இடத்தில் ஃபைல் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்க யாராலும் முடியாது.

"கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ போட்டுவிட்டால் இரண்டிலும் ஒன்றுதானே இருக்கும்?" என்று கேட்பார்கள். ஒழுங்காக அமைத்து, எல்லாரும் அந்த ஃபோல்டரிலேயே சேமித்தால் இருக்கும். நடைமுறையில் பாதி ஃபைல்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். டேலி மென்பொருளில் இருக்கும் கணக்கு அங்கே போகாது. டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யூ.எஸ்.பி. டோக்கனுக்கான மென்பொருள் ஒரு கணினியில்தான் நிறுவியிருக்கும், ஜி.எஸ்.டி. கடைசித் தேதியன்று அந்தக் கணினி வீட்டில் இருக்கும். மின்னஞ்சலில் இன்னும் மோசம். சிறிய நிறுவனங்கள் பலவற்றில் அவுட்லுக் இன்றும், மெயிலை சர்வரிலிருந்து கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையில்தான் ஓடுகிறது. சர்வரில் நகலை விட்டுவைக்கும்படி அமைக்காவிட்டால், எந்தக் கணினி முதலில் மெயிலை இறக்கிக்கொள்கிறதோ அதோடு சரி, மற்றதில் அந்த மெயில் வரவே வராது. "மெயில் அனுப்பினேன் என்கிறார், எனக்கு வரவில்லையே" என்ற பல சண்டைகளுக்கு வேர் இதுதான். இன்னொன்று: ஒத்திசைவு என்பது பேக்கப் ஆகாது. ஒரு கணினியில் ஃபைலை அழித்தால் மற்றதிலும் அழியும்.

அடுத்தது தூங்கும் கணினி. இரண்டு இருந்தால் ஒன்றுதான் தினமும் திறக்கப்படும். மற்றது மாதக்கணக்கில் அணைந்தே கிடக்கும். அவசரத்துக்குத் திறக்கும் நாளில் விண்டோஸ் அப்டேட்டுகள் வரிசைகட்டி நிற்கும், ஆன்ட்டிவைரஸ் காலாவதியாகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். அதனால் பழைய டெஸ்க்டாப்புகள் ஏராளமாக விண்டோஸ் 10லேயே நின்றுவிட்டன. புது லேப்டாப் கொடுத்தவுடன் பழையதைத் திரும்ப எடுத்திருக்க வேண்டும். "இருக்கட்டும் சார், ஸ்கேனர் அதில்தான் மாட்டியிருக்கிறது" என்பார்கள். ஸ்கேனருக்காக அணைக்காமல் விட்ட, யாரும் கவனிக்காத, பாதுகாப்புத் திருத்தங்கள் வராத அந்தப் பெட்டி, டேலி சர்வர் இருக்கும் அதே நெட்வொர்க்கில் பகலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைய இதைவிட வசதியான வாசல் கிடையாது.

லேப்டாப் வெளியே போகும் பொருள், தொலையும். அதில் ஊழியர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் இருக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. விண்டோஸ் புரோ பதிப்பாகவே வாங்கி, டிஸ்க்கைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கரைப் போட்டுவிடுங்கள். அதன் 48 இலக்க மீட்பு எண்ணை அந்த லேப்டாப்பிலேயே சேமித்துவைக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். தாளில் அச்சிட்டு அலுவலகப் பீரோவில் வையுங்கள்.

சரி, யாருக்கு எது? இங்கேதான் நம் அலுவலகங்களில் வேலையை விட்டுவிட்டுப் பதவியைப் பார்க்கிறார்கள். நாற்காலியை விட்டு நகராத மேனேஜரிடம் லேப்டாப் இருக்கும். ஊர் ஊராகப் போய்ப் பம்ப் பழுதுபார்க்கும் சர்வீஸ் இன்ஜினியர் நோட்டில் எழுதி வந்து, சாயங்காலம் யாருடைய டெஸ்க்டாப் காலியாகும் என்று காத்திருப்பார். லேப்டாப் என்பது கௌரவச் சின்னம் என்ற நினைப்பு போகாதவரை இந்தக் கணக்கு சரியாக வராது.

கணக்குப் பிரிவு, பில்லிங், ஸ்டோர்ஸ் ஆகியவற்றுக்கு டெஸ்க்டாப்தான். அதே பணத்துக்கு வேகமான கணினி கிடைக்கும். ரேமோ ஹார்டு டிஸ்க்கோ பழுதானால் அன்றே மாற்றிவிடலாம். இப்போதைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைத்து வருகிறது. போனால் போர்டோடு போயிற்று. டெஸ்க்டாப்புக்கு யூ.பி.எஸ். செலவு தனி, அதன் பேட்டரியை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டியும் வரும்.

வெளியே போகிறவர்களுக்கும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கும் லேப்டாப் மட்டும். ஆனால் மேசையில் ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் கட்டாயம் வேண்டும். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வசதியாக வைத்தால் தோள் தூக்கும். எட்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் வலி வராமல் என்ன செய்யும்? "டெஸ்க்டாப்பே தேவலாம், அதையும் விட்டுவையுங்கள்" என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது பெரிய திரைதான். 22, 24 அங்குல மானிட்டர் பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. யூ.எஸ்.பி. சி துளை இருந்தாலே மானிட்டர் வேலை செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அந்தத் துளை ஃபைல் மாற்ற மட்டுமே பயன்படும். எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஒரு சார்ஜர் அதிகமாக வாங்கி வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது கணினி கேட்டவர் இரண்டாவது சார்ஜர் கிடைத்ததும் அமைதியானதைப் பார்த்திருக்கிறேன்.

நாள் முழுவதும் மின்சாரத்திலேயே செருகியிருக்கும் லேப்டாப்பின் பேட்டரி, சூட்டோடு முழுச் சார்ஜிலேயே நின்று சீக்கிரம் வீணாகும். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பெரும்பாலான அலுவலக மாடல்களில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். டச்பேட் மேலே எழும்பினாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, அன்றே சர்வீஸுக்குக் கொடுங்கள். அழுத்தி மூடிப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம்.

இரண்டும் தேவைப்படுகிறவர்கள் உண்டு, மிகச் சிலர். கணினியில் கேட் (CAD) வரைபடம் போடும் டிசைன் இன்ஜினியருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கனமான கணினி வேண்டும். அதைச் சுமந்துகொண்டு வாடிக்கையாளரிடம் போக முடியாது. அவருக்கு ஓர் எளிய லேப்டாப் கொடுங்கள். ஆனால் ஃபைல்கள் அலுவலகக் கணினியிலோ சர்வரிலோ மட்டும் இருக்கட்டும், லேப்டாப், வி.பி.என். என்ற பாதுகாப்பான இணைய வழியாக உள்ளே எட்டிப்பார்க்கும் ஜன்னலாக மட்டும் இருக்கட்டும். இப்படித் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அலுவலகக் கணினியில் விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும். வி.பி.என். போட நேரமில்லை என்று ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 எண் போர்ட்டை இணையத்துக்கே திறந்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை ரௌட்டர் பக்கமே விடாதீர்கள். எப்போதாவது வெளியூர் போகிறவர்களுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு லேப்டாப்புகளைப் பீரோவில் வைத்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும்.

ஏற்கெனவே இரண்டும் கொடுத்திருந்தால் ஒன்றைத் திரும்ப எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: அவுட்லுக் மெயில்களைச் சேர்த்துவைக்கும் பி.எஸ்.டி. ஃபைல், கையொப்ப டோக்கனின் மென்பொருள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். மற்ற ஃபைல்கள் எப்படியும் கண்ணில் படும். இந்த மூன்றும் அழித்த பிறகுதான் நினைவுக்கு வரும். டிஸ்க்கை முழுமையாக அழித்துவிட்டு, விண்டோஸ் 11 ஏறும் என்றால் புதிதாகச் சேருகிறவருக்குக் கொடுங்கள். ஏறாது என்றால் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஆடிட்டர் அதைக் கேட்பார்.