ராட்டன் பரோ: தமிழில் ‘உளுத்த தொகுதி’

இங்கிலாந்தின் தேர்தல் வரலாற்றில் அடிக்கடி தட்டுப்படும் தொடர் ‘ராட்டன் பரோ’. ‘பரோ’ பழைய ஆங்கிலத்தில் ‘புர்ஹ்’, அதாவது அரண் சூழ்ந்த இடம். எடின்பரோவின் வாலில் இருப்பதும் அதுதான். பிறகு நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமை பெற்ற ஊருக்கு இது பெயரானது. ஊர் தேய்ந்தபின்னும் உரிமை மட்டும் நின்றால் அது ‘ராட்டன்’, அதாவது அழுகிப்போனது.

ஓல்டு சேரத்தை மிஞ்ச முடியாது. சாலிஸ்பரி பக்கத்தில் ஆளில்லாத மேடு. வாக்காளர்கள் பத்துப் பேர் தேறினால் பெரிது. உறுப்பினர்களோ இரண்டு பேர். லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்கு ஒருவர்கூடக் கிடையாது. அந்த மேட்டை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர், 1698இல் சென்னைக் கோட்டையின் ஆளுநராக வந்த தாமஸ் பிட். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் அங்கிருந்துதான் நாடாளுமன்றம் போனார். இன்னொரு சென்னைப் பணமும் உண்டு: ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்ஃபீல்டு, தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உருவாக்கியதாக எட்மண்ட் பர்க் 1785இல் அவையிலேயே சாடினார்.

இவ்வளவு நாறியும் முறை மாறவில்லை. 1818 தேர்தலில் கார்ன்வாலின் கிராம்பவுண்டு வாக்காளர்களை விலைக்கு வாங்கிய மனாசே லோபஸ் சிறைக்குப் போனார். 1821இல் ஊரின் உரிமையே பறிபோனது. சீர்திருத்தக்காரர்களுக்கு வெற்றி மாதிரிதான் தெரியும். எனக்கென்னவோ பழைய முறையைக் காப்பாற்றியதே இப்படிப்பட்ட தண்டனைகள்தான் என்று தோன்றுகிறது. மாட்டிக்கொண்ட ஊரைக் கழித்துவிட்டால் மற்றதெல்லாம் சுத்தம் என்று சொல்லிக்கொள்ளலாமே! அப்புறம் ஈஸ்ட் ரெட்ஃபோர்டு என்ற இன்னொரு பரோ லஞ்சத்தில் மாட்டியது. அதன் இடங்களை, உறுப்பினரே இல்லாத பெரிய ஊரான பர்மிங்காமுக்குக் கொடுங்கள் என்ற கோரிக்கை 1830 வரை இழுபட்டுத் தோற்றது. சுற்றியிருந்த நாட்டுப்புறத்தைச் சேர்த்து அதே தொகுதியைப் பெரிதாக்கினார்கள். பொறுமை தீர்ந்துபோனது. 1832 சீர்திருத்தச் சட்டம் லஞ்ச வழக்குக்காகக் காத்திருக்கவில்லை. வீடுகளையும் வரியையும் கணக்கிட்டு 56 பரோக்களை மொத்தமாக நீக்கியது.

சரி, தமிழில்? ‘அழுகிய தொகுதி’ என்றால் லஞ்ச நாற்றம்தான் முதலில் வரும். ஓல்டு சேரத்தில் லஞ்சத்துக்கே வேலையில்லை. வாக்குரிமை மனையோடு ஒட்டியது, மனைகளோ ஒரே ஆளின் கையில். அதனால் ‘உளுத்த தொகுதி’ என்பதே சரி. ‘பாக்கெட் பரோ’ வேறு: ஊர் உளுக்காமலே ஒரு பெரிய மனிதருக்கு அடங்கிக் கிடப்பது. அதற்குக் ‘கைக்குள் தொகுதி’ எனலாம். ஓல்டு சேரம் இரண்டு பட்டியலிலும் வரும்.