ஒன்வேயில் எதிரே வரும் சைக்கிள்காரர்

மதுரை மாசி வீதியில் ஒன்வேக்கு எதிராக ஒரு சைக்கிள் வந்தால் நமக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடுகிறது. "போர்டு கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஹார்னை அமுக்குகிறோம். சாலைப் போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை பார்ப்பதால் நான் அந்தச் சைக்கிளை வேறு விதமாகப் பார்க்கப் பழகிவிட்டேன். யாரோ ஒருவர் எப்போதோ எதிரே வந்தால் அது அவர் தப்பு. ஒரே இடத்தில், காலை முதல் இரவு வரை, பலரும் எதிரே வந்துகொண்டிருந்தால் அந்தத் தெருவுக்குப் போட்ட திட்டத்தையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

ஒன்வே என்பது சும்மா வந்த ஏற்பாடு இல்லை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட 106-ஆம் எண் வழிகாட்டியைத்தான் எங்கள் துறையில் இன்றும் புரட்டுகிறோம். நகரத்துக்குள் நடுத்தர முக்கியத்துவம் உள்ள சாலை ஒன்று இரண்டு லேன் அகலத்தில் இருவழியாக இருந்தால் மணிக்கு 1200 கார் அளவுக்குக் கணக்கு வைக்கலாம், அதே அகலத்தை ஒருவழியாக்கினால் 1900 வரை போகலாம் என்கிறது அது. டூவீலர், ஆட்டோ, கைவண்டி எல்லாவற்றையும் காருக்குச் சமமாக மாற்றிப் போட்ட கணக்கு இது. சந்திப்புகளிலும் லாபம்தான். இருவழிச் சாலைகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில் வண்டிகள் குறுக்கிடும், சேரும், பிரியும் இடங்கள் மொத்தம் 32. இரண்டு ஒருவழித் தெருக்கள் வெட்டிக்கொண்டால் ஐந்தே ஐந்து. சிக்னலும் இரண்டு கட்டத்தில் முடிந்துவிடும். தெருவை அகலப்படுத்த ஒரு அடி இடம் இல்லாத ஊரில் எந்த அதிகாரி இதை வேண்டாம் என்பார்?

இந்தக் கணக்கில் ஒன்று மட்டும் விடுபட்டுப் போகிறது. ஒரு புள்ளியை எத்தனை வண்டி கடந்தது என்று எண்ணுகிறோமே தவிர, அந்த வண்டிக்கு உண்மையில் அங்கே வேலை இருந்ததா, வேறு வழி இல்லாமல் சுற்றிக்கொண்டு வந்ததா என்று எண்ணுவதில்லை. மதுரையில் இது மற்ற ஊர்களைவிட அதிகம் உறுத்தும். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் வரும் கட்டம் போட்ட நகரத்தில், ஒரு தெரு கிழக்கே போனால் அடுத்தது மேற்கே போகும். திருப்பத்தை விட்டுவிட்டால் ஒரு பிளாக் சுற்றினால் போதும். நம் ஊரில் சுற்று என்றால் கோயிலைச் சுற்றுவதுதான். சித்திரை வீதிகளில் வாகனமே கிடையாது. அது நல்ல ஏற்பாடு, மாற்றவே கூடாது. ஆனால் நடுவில் புகுந்து கடக்க முடியாது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பக்கத்துக்கு 600 மீட்டர் உள்ள ஒரு சதுர வீதி முழுக்க ஒரே திசையில் ஒன்வே என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போக வேண்டிய கடை உங்களுக்கு 100 மீட்டர் பின்னால் இருக்கிறது. சட்டப்படி போனால் 2300 மீட்டர். சைக்கிள் மணிக்கு 12 கிலோமீட்டர் போகும் என்றால், அரை நிமிடத்தில் போகிற இடத்துக்குப் பதினோரு நிமிடத்துக்கு மேல். இடையில் சந்துகள் உண்டு, உண்மைதான். அவற்றில் பாதி டூவீலர் நிறுத்துமிடமாகவும் மீதி கடைச் சரக்காகவும் இருக்கும். பைக்கில் போகிறவருக்கு இந்தச் சுற்று பெட்ரோல் செலவு. மிதிக்கிறவருக்கு உடம்புச் செலவு. (மாசி வீதிகளில் பல தலைமுறையாக யார் சொல்லாமலும் ஒரே திசையில் போய்வருவது சித்திரைத் தேர் ஒன்றுதான். அதுவும் வருஷத்தில் ஒரு நாள்.)

வாகனக் கணக்கெடுப்பு என்றால் என்ன என்று பார்த்திருப்பீர்கள்: தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அட்டையில் தாளைக் கிளிப் செய்து, இளைஞர்கள் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கீழமாசி வீதிப் பக்கம் அப்படி ஒரு கணக்கெடுப்பில் ஒரு மாணவர் என்னிடம் வந்து, "சார், எதிர்ல வர்ற சைக்கிளை எந்தக் கட்டத்துல போடுறது?" என்று கேட்டார். ஒன்வே தெருவுக்கான படிவம் என்பதால் எதிர்த்திசைக்குக் கட்டமே அச்சிடவில்லை. அவர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துத் தனியாகக் குறித்துக்கொண்டிருந்தார். மாலையில் தாளைப் பார்த்தால் அந்த ஓரம் நிரம்பி, எழுத்து தாளின் பின்பக்கத்துக்குப் போயிருந்தது. எந்த அறிக்கையிலும் ஏறாத தாள் அது. தெருவுக்கு என்ன தேவை என்பதற்கு அதைவிட நல்ல ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

அன்று அரிசி மூட்டை ஏற்றிய டிரைசைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்த பெரியவர் ஒருவரிடம், "ஏண்ணே, அந்தப் பக்கமா சுத்திப் போகலாமில்ல?" என்று கேட்டேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளப்புவது கஷ்டம். "சுத்திப் போகலாம் சார். அதுக்குள்ள கடைக்காரரு அடுத்த நடைக்கு வேற ஆளைக் கூப்பிட்ருவாரு. நடைக்குத்தான கூலி" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். ஊரின் நடுவில் சைக்கிள் மிதிப்பவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தான்: டீ கேன் கட்டியவர், பூக்கூடைக்காரர், செல்லூரிலிருந்தும் அனுப்பானடியிலிருந்தும் கடை வேலைக்கு வருகிறவர், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் வெளி வீதிப் பள்ளிகளுக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள். உடற்பயிற்சிக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ரிங் ரோட்டில் போகிறவர்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. சைக்கிள் வசதி என்று பேச்சு எடுத்தாலே அந்த ஹெல்மெட் ஆட்களை மனதில் வைத்துத் திட்டம் போடுவது எங்கள் துறையின் பழைய வியாதி.

வேகத்தையும் சொல்ல வேண்டும். எதிரே வண்டி வராது என்று தெரிந்தால் கை தானாக முறுக்கும். பகலில் நெரிசல் அதை மறைத்துவிடும். இரவு ஒன்பதரைக்கு மேல் கடைகள் சாத்தத் தொடங்கும்போது போய் நின்று பாருங்கள். வேகம் 30-லிருந்து 50 ஆனால் மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. கடையைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடக்கிறவர்மேல்தான் அது விழும்.

அமெரிக்காவில் பல நகரங்கள் கடந்த சில பத்தாண்டுகளில் தங்கள் மையப்பகுதி ஒன்வேக்களைத் திரும்ப இருவழியாக்கி வருகின்றன. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 2011-ல் புரூக், ஃபர்ஸ்ட் என்ற இரண்டு தெருக்களை அப்படி மாற்றினார்கள். மோதல்கள் ஒன்றில் 36 சதவீதமும் இன்னொன்றில் 60 சதவீதமும் குறைந்தன என்று அதை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். 2012-ல் காயா, டகான்சோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணிதமாகவே இதைக் காட்டினார்கள்: பயணங்கள் குட்டையாக இருக்கும் மையப்பகுதியில், சுற்றிப் போகும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இருவழித் தெருக்களே அதிகம் பேரைச் சேருமிடம் சேர்க்கக்கூடும். எதிர்வரிசையைக் குறுக்கே வெட்டும் திருப்பத்தை, அதாவது நம் ஊர்க் கணக்கில் வலது திருப்பத்தை, தடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

சரி, அப்படியானால் மாசி வீதிகளை நாளைக்கே டூவே ஆக்கிவிடலாமா? நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். லூயிவில் தெருவில் மொத்த வியாபாரக் கடைக்கு முன்னால் லாரி நின்று, அதிலிருந்து பலகை சாய்த்து, மூட்டை இறக்குகிற காட்சி கிடையாது. கீழமாசி வீதியில் ஒரு லாரி சரக்கு இறக்கினால் ஒரு லேன் போய்விட்டது. ஒன்வேயாக இருந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்கிப் போகும். டூவேயாக இருந்தால் இரண்டு பக்கமும் மூக்கும் மூக்கும் முட்டி நிற்கும், நடுவில் ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி சமாதானம் பேசுவார். சரக்கு இறக்கும் நேரத்தை இரவுக்கும் அதிகாலைக்கும் ஒதுக்காமல், இருபுறமும் நிற்கும் வண்டிகளை ஒருபுறமாக்காமல், டூவே பலகை மாட்டுவது வீண். சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ வேலைக்காக ஒருவழியாக்கிய பகுதியை வேலை முடிந்ததும் இருவழியாக்கினார்கள், உண்மை. அது பெருஞ்சாலை. விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் போனவர்களுக்கு வித்தியாசம் புரியும்.

ஆனால் காருக்கும் லாரிக்கும் ஒருவழி, சைக்கிளுக்கு மட்டும் இருவழி என்ற நடுவழி ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் இது இன்று சாதாரணம். பெல்ஜியத்தில் 2004 முதல், அகலமும் வேகமும் அனுமதிக்கும் ஒன்வே தெருக்களைச் சைக்கிளுக்கு இருபக்கமும் திறந்தே ஆக வேண்டும். பிரான்சில் 2008-ல் வந்த ஆணை, 30 கிலோமீட்டர் வேகப் பகுதிகளில் அதையே பொது விதியாக்கியது. தனிப் பாதைகூட வேண்டாம். நோ என்ட்ரி பலகைக்குக் கீழே 'சைக்கிள் தவிர' என்று ஒரு சின்னத் தகடு, முனையில் கொஞ்சம் பெயின்ட், அவ்வளவுதான். லண்டனில் இப்படித் திறந்த 508 தெருக்களை 22 ஆண்டுத் தரவுகளோடு ஆராய்ந்தவர்கள், விபத்து விகிதம் கூடவில்லை என்றே 2023-ல் எழுதினார்கள். யோசித்தால் காரணம் புரியும். எதிரே வருகிற சைக்கிளை ஓட்டுநர் பார்க்கிறார், சைக்கிள்காரரும் அவரைப் பார்க்கிறார். நிறுத்திய காரின் கதவு திறக்கிற ஆபத்திலும் அப்படித்தான்: பின்னாலிருந்து வரும் சைக்கிளைவிட முன்கண்ணாடி வழியே தெரியும் சைக்கிளைக் கவனிப்பது எளிது. ஆபத்து உண்மையில் இருப்பது சந்து முனையில். சந்திலிருந்து வெளியே வருகிறவர் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மூக்கை நீட்டுவார். அதனால் ஒவ்வொரு முனையிலும் சில மீட்டருக்கு வண்டி நிறுத்தாமல் காலியாக வைப்பது பலகையைவிட முக்கியம்.

இங்கே உடனே ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி: சைக்கிளுக்குத் திறந்தால் டூவீலர் சும்மா இருக்குமா? இருக்காது. சைக்கிள் நுழையும் எந்த இடைவெளியிலும் பைக்கும் நுழையும். கம்பம் நட்டுத் தடுக்கலாம் என்பவர் டிரைசைக்கிளை மறந்துவிட்டார். என் யோசனை இது. அகலமான மாசி, வெளி வீதிகளில் சரக்கு நேரம் ஒழுங்கானபின் ஓரமாக ஒரு வண்ணப் பட்டை போட்டுச் சைக்கிளுக்கும் டிரைசைக்கிளுக்கும் ஒதுக்கலாம். குறுகிய உள் தெருக்களில் நான்கு சக்கரத்துக்கு மட்டும் ஒன்வே வைத்து, இரு சக்கர வண்டிகள் எல்லாவற்றுக்கும் இருவழி என்று அறிவித்துவிடலாம். கூடவே வேகத்தை 20-க்குக் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே நடப்பதுதானே அது. இப்போது சட்டத்துக்கு வெளியே, பயந்து பயந்து, வேகமாக நடக்கிறது. பைக்குகளுக்குத் தண்டனை இல்லாமல் சலுகை தருவதா என்று என் நண்பர்களே சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும்.

இதற்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 115-ஆம் பிரிவு, எந்த வகை மோட்டார் வாகனத்தைக் கட்டுப்படுத்துவது, யாருக்கு விலக்கு என்று குறிப்பிட்டே ஆணையிட இடம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். அதாவது ஒரு மாத சோதனை ஓட்டத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது. அதுவரை பலகை சொல்வதே சட்டம். எதிரே போக வேண்டியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஒன்வேயைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். காரில் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கதவை இடது கையால் திறந்தால் உடம்பு தானே திரும்பி, பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும்.

வியாபாரிகள் சங்கத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரையும் போக்குவரத்துப் போலீசையும் பார்க்கப் போகும்போது, "ஒன்வேயை எடுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த முனையிலிருந்து எந்த முனை வரை, எந்த நேரத்தில், என்ன சரக்கு இறங்குகிறது என்று எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரத்தில் எதிரே வந்தவர்களை நீங்களே எண்ணி, சைக்கிள், டிரைசைக்கிள், பைக் என்று பிரித்து இணையுங்கள். சோதனை மாதமாகச் சித்திரைத் திருவிழாவையும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களையும் தவிர்த்துவிட வேண்டும். அப்போது எந்த ஏற்பாடும் தோற்றதாகத்தான் தெரியும். ஜூன் கடைசி சரியாக இருக்கும். பள்ளி திறந்து பிள்ளைகளின் சைக்கிளும் ஓடத் தொடங்கியிருக்கும், கடைகளில் சாதாரணக் கூட்டம்தான் இருக்கும்.