எடுத்துக்காட்டு: சொல்லும் அதன் வேலையும்

மாணவர்களின் கட்டுரைத் தாள்களில் ‘உதாரணமாக’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். பாதி இடங்களில் அதற்குப் பின் உதாரணம் இருக்காது. “மரங்கள் நமக்கு நன்மை தருகின்றன. உதாரணமாக, மரங்களால் பல பயன்கள் உண்டு” என்று முதல் வரியே மறுபடி வந்து நிற்கும். சொல்லின் பொருளைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தாலே இந்தப் பழக்கம் பெரும்பாலும் போய்விடும்.

உதாரணம் என்பது ‘உதாஹரணம்’ என்ற வடசொல் தமிழில் பெற்ற வடிவம். எடுத்துக் கொண்டுவந்து முன்வைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். பழைய இலக்கண நூல்களில் ‘உ-ம்’ என்று காண்பது இதன் சுருக்கம்தான். இதற்கு நேரான தமிழ்ச் சொல் எடுத்துக்காட்டு. இது அண்மைக் காலத்தில் ஆக்கிய சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. தொல்காப்பிய மரபியலிலேயே இது இருக்கிறது. காண்டிகை உரைக்கு, அதாவது நூற்பாவின் பொருளைச் சுருக்கமாக விளக்கும் உரைக்கு, இலக்கணம் சொல்லும்போது, ‘ஏது நடையினும் எடுத்துக்காட்டினும்’ என்கிறது அந்த நூற்பா. நன்னூலில் உதாரணமும் உண்டு, ‘காட்டு’ என்ற குறுகிய வடிவமும் உண்டு. ஆகவே உதாரணம் என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் வகுப்பில் எடுத்துக்காட்டு என்றே பழக்கலாம். எதையோ ‘எடுத்து’, எதையோ ‘காட்ட’ வேண்டும் என்பதைச் சொல்லே நினைவூட்டிவிடும். (நடுவில் ‘க்’ கட்டாயம், ‘எடுத்துகாட்டு’ பிழை.)

தொல்காப்பியர் ஏதுவையும் எடுத்துக்காட்டையும் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஏது என்றால் காரணம். காரணம் இல்லாமல் எடுத்துக்காட்டு மட்டும் நின்றால் வாதம் நகராது. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்திலும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்றுதான் வாதம் போகிறது. அங்கே மேற்கோள் என்பது நிறுவ வந்த கருத்து. இன்று நாம் பிறர் கூற்றை அப்படியே எடுத்தாளுவதை மேற்கோள் என்கிறோம், பொருள் மாறிவிட்டது. சான்று என்பது இன்னொன்று. ஒரு செய்தி உண்மை என்று உறுதிப்படுத்துவது சான்று. ஒரு பொதுக்கருத்தைத் தனி நிகழ்வில் கண்ணால் பார்க்க வைப்பது எடுத்துக்காட்டு.

மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம், அதாவது வாதம் செய்யும் முறை, சொல்லும் பகுதியை, எளிய உரைநடையில் பத்தாம் வகுப்புக்கே நடத்தலாம். எடுத்துக்காட்டுக்கு அங்கே ‘திட்டாந்தம்’ என்று பெயர். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கருத்து. புகை இருப்பதால்: இது ஏது. அடுக்களையைப் போல: இது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது: இது உபநயம், அதாவது எடுத்துக்காட்டைக் கருத்தோடு பிணைப்பது. ஆகவே நெருப்பும் இருக்கிறது: இது நிகமனம், அதாவது முடிவு. நம் பிள்ளைகள் தவறவிடுவது நான்காவதை. அடுக்களையைக் காட்டிவிட்டு, மலைக்குத் திரும்பாமலே அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்றும் அடிகள் சொல்கிறார். அப்படிப் பார்த்தால், கருத்தோடு பிணைக்கும் வரி இல்லாத எடுத்துக்காட்டு அரைகுறைதான். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப் போல, என்று எதிர்மறை எடுத்துக்காட்டும் அங்கே வருகிறது. போலியான எடுத்துக்காட்டுகளையும் வகை பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை ஒரு கட்டுரை வரியில் வைத்துப் பார்ப்போம். “வறுமை கல்விக்குத் தடையல்ல. எடுத்துக்காட்டாக, அப்துல் கலாம் சிறுவயதில் செய்தித்தாள் போட்டுப் படித்துக் குடியரசுத் தலைவரானார்.” எல்லா ஊர்ப் பிள்ளைகளும் எழுதும் வரி இது. கலாம் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது பணம் இல்லை; அக்கா தன் நகையை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்ட முடிந்தது. அப்படியானால் வறுமை தடையாகத்தானே வந்து நின்றது? “வறுமை தடைதான், தக்க நேரத்தில் கிடைக்கும் உதவி அதை நீக்கும்” என்று கருத்தைத் திருத்திக்கொண்டால், அதே கலாம் அங்கே கச்சிதமாகப் பொருந்துவார். தனி ஒருவரோடு நிறுத்தாமல், 1982-இல் தமிழகத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தையும் சேர்க்கலாம்: வீட்டில் சோறு இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு வேளைச் சாப்பாடு உறுதியானது. அப்புறம், பிணைக்கும் வரியையும் விடாமல் எழுத வேண்டும்: “இரண்டு இடத்திலும் தடையை நீக்கியது வெளியிலிருந்து வந்த உதவி.”

திருத்தும்போது சிவப்பு மையில் ‘உதாரணம் போதாது’ என்று எழுதுவதால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. இன்னும் இரண்டு பெயரைச் சேர்த்துக் கொண்டுவரும். ‘இது எதைக் காட்டுகிறது?’ என்று ஓரத்தில் கேட்டு வைத்தால், விடையாக அது எழுதும் வரிதான் கட்டுரையில் விட்டுப்போன உபநயம்.