புரொவிஷனிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

மளிகைக் கடைப் பலகையில் 'புரொவிஷன் ஸ்டோர்ஸ்'. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் பி.எஃப்-இல் 'பிராவிடன்ட்'. மென்பொருள் அலுவலகத்தில் 'விஎம் (மெய்நிகர் எந்திரம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) புரொவிஷன் பண்ணியாச்சா?' மூன்றுக்கும் வேர் ஒன்றே. இலத்தீனில் 'புரோ' என்றால் முன், 'விடேரே' என்றால் காண்பது ('வீடியோ'வும் இந்த வழியில் வந்ததுதான்). வரப்போவதை முன்பே கண்டு, வேண்டியதைச் சேர்த்து வைப்பது என்பது பொருள். படைக்கும் கப்பலுக்கும் சேர்த்துவைத்த உணவுப்பொருளை ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால் குறித்தார்கள். வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவுக்குப் பழந்தமிழில் ஆற்றுணா என்றே ஒரு சொல் இருந்தது. ஆறு என்றால் வழி.

கணினியில் இதன் பொருள்: ஓர் எந்திரம் வேலைக்கு வருமுன் அதற்குத் தேவையான நினைவகம், வட்டு, வலையமைப்பு, இயங்குதளம், மென்பொருள் எல்லாவற்றையும் கொடுத்துத் தயாராக நிறுத்துவது. ஒரு காலத்தில் சர்வர் வேண்டுமென்றால் ஆர்டர் போட்டு, பெட்டி வந்து, அலமாரியில் ஏற்றி, குறுந்தட்டைச் செருகி நிறுவவேண்டும். 2006-இல் இணையவழி கணினிகளை வாடகைக்குத் தரும் அமேசான் இசி2 சேவை வந்தபின், ஒரு கட்டளையில் மெய்நிகர் எந்திரம் கையில் கிடைத்தது. கேட்ட நொடியில் கிடைக்கிறதென்றால் எண்ணிக்கையும் கூடும். ஒவ்வொன்றிலும் உள்ளே போய்க் கையால் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அங்கேதான் தானியக்கம் நுழைகிறது.

2010-இல் மிட்செல் ஹாஷிமோட்டோ தொடங்கிய வேக்ரன்ட் என்ற கருவி, இந்த வேலையை நிரலாளரின் மடிக்கணினிக்கே கொண்டுவந்தது. ரூபி மொழியில் ஒரு சிறு கோப்பு: உபுண்டு இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு, 2048 எம்பி நினைவகம், எந்திரத்தின் உள்ளே 80-ஆம் போர்ட் (வலைத்தொடர்புக்கான வாயில்) வெளியே 8080. 'வேக்ரன்ட் அப்' என்று தட்டினால், மெய்நிகர் எந்திரங்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் எந்திரம் எழும். குழுவுக்குப் புதிதாக வருபவரும் அதே கோப்பை எடுத்து அதே எந்திரத்தை எழுப்பிக்கொள்ளலாம். 'என் மெஷின்ல ஓடுதே' என்ற பழைய சாக்குக்குப் பெரும்பாலும் இடமில்லை.

ஆளில்லாமல் ஓடுவதென்றால் கேள்விகளுக்கு முன்பே பதில் தயாராக இருக்கவேண்டும். உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்' கட்டளை இடையில் நின்று 'தொடரலாமா?' என்று கேட்கும். திரைமுன் ஆள் இருந்தால் 'ஒய்' அழுத்துவார்; இல்லையென்றால் நிறுவல் அங்கேயே கைவிடப்படும். அதற்காகத்தான் கட்டளையிலேயே 'ஹைஃபன் ஒய்' சேர்ப்பது. நேர மண்டலப் பொதியும் இப்படித்தான், எந்தக் கண்டம், எந்த நகரம் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முன் காண்பது என்ற வேர்ப்பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு தொல்லை, மறுபடி ஓட்டும்போது வருவது. ஹோஸ்ட்ஸ் கோப்பின் (கணினிப் பெயர்களுக்கு முகவரி எழுதிவைக்கும் கோப்பு) கடைசியில் ஒரு வரி சேர் என்று ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எழுதினால், இரண்டாம் முறை ஓட்டும்போது அதே வரி இரண்டாகும். ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியில் 'இந்த வரி இருக்கவேண்டும்' என்று நிலையைச் சொன்னால் போதும். ஏற்கெனவே இருந்தால் தொடாது, கடைசிக் கணக்கில் மாற்றம் 0 என்று காட்டும்.

குழப்பம் எங்கே என்றால், இந்த ஒரு சொல் இரண்டு வேலைக்கு ஓடுகிறது. வேக்ரன்டில் எந்திரம் எழுந்தபின் உள்ளே மென்பொருள் நிறுவுவதுதான் 'புரொவிஷன்'. முதல் 'அப்'பில் மட்டும் தானாக நடக்கும், பிறகு வேண்டுமென்றால் 'வேக்ரன்ட் புரொவிஷன்' என்று தனியாகச் சொல்லவேண்டும். அதே ஹாஷிமோட்டோவின் ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட டெராஃபார்ம் என்ற கருவியிலோ, மேகத்தில் (இணையவழி வாடகைக் கணினிகளில்) எந்திரத்தையே உருவாக்குவதுதான் புரொவிஷனிங். அதிலும் 'புரொவிஷனர்' என்று ஒரு பகுதி உண்டு. வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள் என்று அதன் கையேடே சொல்கிறது.

தமிழில் 'வழங்கல்' என்பதும் ஒரு தேர்வு. குடிமைப் பொருள் வழங்கல் துறைக்கு அது சரி. ஆனால் அது பொருளைக் கையில் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. முன்யோசனை அதில் தெரியவில்லை. 'ஒதுக்கீடு' நினைவகத்துக்கும் வட்டுக்கும் பொருந்தும், மென்பொருள் நிறுவுவதற்குப் பொருந்தாது. என் தேர்வு 'முன்னேற்பாடு'. 'புரோ'வுக்கு நேராக 'முன்' வந்துவிடுகிறது. இலங்கைச் சட்டமூலங்களில் 'ஏற்பாடு செய்வதற்கானதொரு' என்று இந்த ஆங்கிலச் சொல்லின் வினைக்கு நேராகவே எழுதுகிறார்கள். கல்யாண வீட்டிலும் புழங்கும் சொல் என்பதால் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இரண்டு வேலைகளையும் பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில், எந்திரத்தை உருவாக்குவதை எந்திர முன்னேற்பாடு என்றும், உள்ளே நிறுவுவதை மென்பொருள் முன்னேற்பாடு என்றும் சொன்னால் தீர்ந்தது. தானாக நடந்தால் தானியங்கு முன்னேற்பாடு.

எதிர்ச்செயலுக்கும் சொல் வேண்டும்: 'டீபுரொவிஷனிங்'. கூடாரத்தைக் கலைப்பதுபோல 'கலைத்தல்' என்றே சொல்லலாம். நிறுத்துவது வேறு, கலைப்பது வேறு. இசி2-இல் எந்திரத்தை நிறுத்தினாலும், அதோடு இணைந்த இபிஎஸ் என்ற சேமிப்பு வட்டுக்கான கட்டணம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். கலைத்தால்தான் கணக்கு முடியும். டெராஃபார்ம் 'டெஸ்ட்ராய்' கட்டளை அதற்குமுன் ஒருமுறை கேட்கும். 'எஸ்' என்ற முழுச் சொல்லையும் தட்டினால்தான் ஏற்கும், 'ஒய்' மட்டும் போதாது.