பயோசென்சார் – உயிரியுணரி

உடற்பயிற்சிக் கருவி விற்பவர்களுக்கு, தோலில் படுகிற எல்லாமே பயோசென்சார். நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்துக்கும் அதே பெயர். கறாராகச் சொன்னால் அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, ரத்த ஓட்டத்துக்கு ஏற்ப அது எப்படி மாறித் திரும்புகிறது என்றுதான் பார்க்கிறது. 'பயோ' என்பது அளக்கப்படும் உடலைச் சுட்டவில்லை. கருவிக்குள் வைத்திருக்கும் நொதி (என்சைம்), எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) போன்ற உயிர்ப்பொருளைச் சுட்டுகிறது.

'பயோஸ்' கிரேக்கம்: உயிர், வாழ்வு. 'சென்டிரே' லத்தீன்: உணர்தல். கருவி முந்தியது, பெயர் பிந்தியது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் லேலண்ட் கிளார்க் ஆக்சிஜனை அளக்கத் தாம் உருவாக்கிய மின்முனையோடு குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைச் சேர்க்கும் வழியை 1962-இல் சொன்னார். வியர்வையில் லாக்டேட் (கடும் உழைப்பில் தசையில் கூடும் பொருள்) அளக்கும் இன்றைய பட்டைகளும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. லாக்டேட் ஆக்சிடேஸ் என்ற நொதி வினைபுரிய, ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. மின்முனையில் அது தரும் மின்னோட்டம் லாக்டேட்டின் அளவுக்கேற்பக் கூடும், குறையும்.

2016-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, சைக்கிள் மிதிப்பவரின் வியர்வையில் குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம் நான்கையும் ஒரே பட்டையில் தொடர்ந்து அளந்து காட்டியது. முதல் இரண்டுக்குத்தான் நொதி. மற்ற இரண்டுக்கும் குறிப்பிட்ட அயனியை மட்டும் தேரும் சவ்வு. ஆகவே அந்தப் பட்டை பாதி உயிரியுணரி, பாதி வேதியுணரி.

தமிழில் 'உணரி' நன்றாக வேர்விட்டுவிட்டது. உணர் + இ. வடிகட்டி, பாக்குவெட்டி போன்ற அமைப்பு. 'உணர்வி' என்றும் எழுதுகிறார்கள்; எனக்கு ஒப்பவில்லை. செய்வி, வருவி என்பவை போல அது பிறவினையாக, 'உணரச்செய்' என்று ஒலிக்கிறது. 'உயிர் உணரி'யோ, உயிர் இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி போலத் தோன்றும். உயிரி உரம், உயிரி எரிபொருள் என்று பழகிய காதுக்கு 'உயிரியுணரி' சரியாக விழும்.

உடலில் அணிவது என்பதையும் சேர்த்துச் சொல்ல 'அணியுணரி' எனலாம்; சுடுசோறு போல வினைத்தொகை. இலக்கணம் சரிதான், ஆனால் விளையாட்டுச் செய்தியில் வந்தால் எந்த அணி என்று கேட்பார்கள். தோலில் ஒட்டும் பட்டைக்கு 'ஒட்டுணரி' போதும். சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் கருவிக்கும் அது பொருந்தும்.