ரிசீவரைப் ‘பெறுநர்’ ஆக்காதீர்கள்

“நொடித்துப்போன வங்கி பெறுநரிடம் ஒப்படைக்கப்பட்டது.” அமெரிக்கப் பொருளாதார வரலாற்றைச் சொல்லும் தமிழ்க் கட்டுரைகளிலும் மொழிமாற்றிய ஆவணப்படங்களிலும் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி தட்டுப்படுகிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? யாரோ ஒருவர் வங்கியை வாங்கிக்கொண்டார், மிச்சமிருந்த பணமெல்லாம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதானே நினைப்பார்? நடந்தது அதற்கு நேர்மாறு. ஆங்கிலத்தில் ‘ரிசீவர்’ என்று இருப்பதைத்தான் இப்படிப் ‘பெறுநர்’ ஆக்கியிருக்கிறார்கள்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. லத்தீனில் திரும்ப எடுத்துக்கொள்வதைக் குறித்த வினை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ரிசீவர்’ ஆனது. வழக்கில் சிக்கிய சொத்தின் வாடகையையும் வருமானத்தையும் வசூலித்துப் பத்திரப்படுத்த, இங்கிலாந்தில் சொத்து வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றம் ஒருவரை நியமித்து வந்தது. வசூலிப்பவர் என்பதால் அந்தப் பெயர். வசூலித்ததில் ஒரு காசுகூட அவருடையது ஆகாது. நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டி அவர் பெறுவது ஊதியம் மட்டும்.

அமெரிக்காவின் 1864 தேசிய வங்கிச் சட்டம் இந்த ஆளை வங்கிகளுக்குள் கொண்டுவந்தது. தேசிய வங்கி என்றால் அங்கே அரசு வங்கி அல்ல, மத்திய அரசின் உரிமம் பெற்ற தனியார் வங்கி. அப்படி ஒன்று நொடித்தால், கரன்சி கம்ப்ட்ரோலர் என்ற அரசு அதிகாரி அதற்கு ஒரு ரிசீவரை நியமிப்பார். இப்படி நொடித்த முதல் தேசிய வங்கி, நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா என்ற சிற்றூரில் இருந்தது, ஆண்டு 1865. மாநிலச் சட்டத்தின் கீழ் நடந்த வங்கிகளுக்கு அந்தந்த மாநில விதிகள் வேறு.

ரிசீவர் ஊருக்கு வந்ததும் பேரேடுகளையும் பெட்டகத்தையும் கடன் பத்திரங்களையும் கைவசம் எடுத்துக்கொள்வார். பாக்கி வைத்தவர்களிடம் வசூலிப்பார். தேறாத கடனை நீதிமன்ற உத்தரவு வாங்கி வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். கிடைத்த பணத்தை அரசுக் கருவூலத்தில் கட்டிவிட வேண்டும். வங்கியிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள் உரிமை கோரலாம் என்று தொடர்ந்து 3 மாதம் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். சொத்து போதவில்லை என்றால் பங்குதாரர்களின் கதவைத் தட்டுவார். 100 டாலர் முகமதிப்புள்ள பங்கு வைத்திருந்தவர், போட்ட பணத்தை இழந்ததோடு, இன்னொரு 100 டாலர் வரை கட்டியாக வேண்டும் என்பது அன்றைய சட்டம். சிற்றூர் வங்கியின் பங்குதாரர்கள் பெரும்பாலும் அதே ஊர்க் கடைக்காரர்களும் விவசாயிகளும்தான். முதல் உலகப் போருக்குப் பின் விளைபொருள் விலை சரிந்து, 1920-களில் ஆண்டுக்குச் சராசரியாக 600 வங்கிகள் வரை மூடியபோது, எத்தனை வீடுகளில் பணம் கட்டச் சொல்லும் கடிதம் போய் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு வேலை செய்கிறவரைப் ‘பெறுநர்’ என்று எப்படிச் சொல்வது? தமிழில் ‘பெறு’ என்றால் பெற்றவனுக்கே அது சொந்தம். பரிசு பெற்றான், பட்டம் பெற்றான், பிள்ளை பெற்றாள். ‘பேறு’ என்ற பெயர்ச்சொல்லே அதிலிருந்துதான் வந்தது. பிறர் பணத்தை வாங்கிக் கணக்கு வைத்துத் திருப்பிக் கொடுக்கிறவருக்கு அந்த வினை ஒட்டவே ஒட்டாது. போதாக்குறைக்குப் ‘பெறுநர்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே நல்ல வேலை இருக்கிறது. கடிதத்தில் அனுப்புநருக்குக் கீழே எழுதுகிறோமே, அந்தப் பெறுநர். அங்கே அது பொருத்தம். கடிதம் அவருக்கே உரியது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து நியமன அதிகாரி ஒருவர் தலையில் கட்டியதுதான் கோளாறு. இதிலிருந்து, ‘ரிசீவர்ஷிப்’ என்பதற்குப் ‘பெறுநர் நிலை’ என்று இன்னொன்றையும் உருட்டுகிறார்கள். தமிழைக் காப்பதாக நினைத்துச் செய்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆனால் வாசகனுக்குத் தவறான செய்தி போய்ச் சேர்ந்தால், எழுத்து எவ்வளவு தூய்மையாக இருந்து என்ன பயன்?

‘கலைப்பாளர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது லிக்விடேட்டருக்குப் போக வேண்டிய சொல்; நிறுவனத்தையே கலைத்து முடிப்பது அவர் வேலை. வங்கி ரிசீவர்களின் வேலையும் பெரும்பாலும் அதில்தான் போய் முடிந்தது, ஆனால் நீதிமன்றங்கள் நியமிக்கும் ரிசீவர்கள் எல்லோருக்கும் கலைப்பது வேலை அல்ல. அப்புறம், ‘தக்கார்’. அறநிலையத் துறை வழக்கில் ஊறிய அழகான சொல் என்பதால் எனக்கே கொஞ்சம் சபலம் உண்டு. ஆனால் அறங்காவலர்கள் வரும்வரை கோயிலை நடத்துகிறவர் தக்கார். கோயில் தொடர்ந்து நடக்கும். ரிசீவர் வந்த வங்கியின் கதவு அநேகமாக மறுபடி திறப்பதில்லை. 1933 மார்ச்சில், வங்கி நெருக்கடியின்போது அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ‘கன்சர்வேட்டர்’ என்று வேறொருவரை நியமிக்க வழி செய்தது. வங்கியைத் தேற்றித் திறக்க முடியுமா என்று பார்க்கும்வரை சொத்தைக் காப்பவர் அவர். தக்கார் என்ற சொல்லை அவருக்குக் கொடுக்கலாம்.

என் தேர்வு ‘சொத்துப் பொறுப்பாளர்’. கணக்குப் பதிவியலில் ‘சொத்துகளும் பொறுப்புகளும்’ என்று இருபக்கமாக எழுதுகிறோம். வங்கிக்கு வர வேண்டியதையும் வங்கி தர வேண்டியதையும் சேர்த்துக் கையில் எடுப்பவருக்கு இந்த இரண்டு சொல்லும் பொருந்துகின்றன. வெறும் ‘பொறுப்பாளர்’ என்றால் கட்சிப் பதவி போலக் கேட்கும், ஆகவே ‘சொத்து’ முன்னால் இருக்கட்டும். நிலையைச் சொல்லத் தனிப் பெயர்ச்சொல் எதுவும் தேவையில்லை: “வங்கி சொத்துப் பொறுப்பாளரின் கைக்குப் போனது” என்று வினையால் சொன்னாலே தெளிவு. இதுவும் பிடிக்காதவர் ‘ரிசீவர்’ என்றே எழுதலாம். 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் ஆணையால் நம் நீதிமன்றங்களில் அது புழங்கிப் பழகிய சொல். “சொத்துக்கு ரிசீவர் போட்டாச்சு” என்றால் வழக்காடும் யாருக்கும் புரியும்.

இதே கட்டுரைகளில் ‘பேங்க் ஹாலிடே’ என்பது ‘வங்கி விடுமுறை’ ஆகிறது. 1933 மார்ச் 6-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டின் வங்கிகளையெல்லாம் மூடச் சொன்னது, மக்கள் பணமெடுக்க முண்டியடித்ததை நிறுத்துவதற்காக. பண்டிகை நாள் போல அதை எழுதலாமா? ‘வங்கி அடைப்பு’ என்று எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ‘டிவிடெண்ட்’. நிறுவனம் தன் லாபத்தில் பங்குதாரர்களுக்குத் தருவதை அப்படிச் சொல்வார்கள். வசூலான பணத்தை ரிசீவர் தவணை தவணையாகப் பிரித்துக் கொடுப்பதற்கும் அதே பெயர்தான். வங்கியில் 100 டாலர் சேமிப்பாகப் போட்டிருந்தவருக்கு முதல் தவணையாக 20 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் இதைப் ‘பங்கு ஆதாயம்’ என்று எழுதிவிடுகிறார். பங்கும் கிடையாது, ஆதாயமும் கிடையாது. சேமிப்பில் ஐந்தில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது, மிச்சம் வருமா என்பது தெரியாது. எல்லோருக்கும் ஒரே வீதத்தில் கொடுப்பதால் ‘விகிதப் பங்கீடு’ என்று எழுதலாம். “வைப்புதாரர்களுக்கு முதல் விகிதப் பங்கீடாக 20 சதவீதம் கொடுத்தார்கள்” என்றால் யாருக்கும் குழப்பம் வராது.