செல்லை விடுங்கள், பில்லைத் தேடுங்கள்

போன வாரம் ஒரே நாளில் என் ரிப்பேர் கடைக்கு மூன்று லேப்டாப்கள் வந்தன. மூன்றுக்கும் பின்மூடி ஏற்கெனவே கழன்றிருந்தது. மூன்றுக்கும் ஒரே கதை: பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை புரோகிராம்) பாஸ்வேர்டு மறந்துபோச்சு, வீடியோ பார்த்து உள்ளே இருக்கிற வட்ட பேட்டரிச் செல்லைக் கழட்டினோம், சரியாகவில்லை. ஒரு லேப்டாப்பின் திருகாணிகள் டிஃபன் டப்பாவில் வந்தன. எண்ணிப் பார்த்தேன், இரண்டு குறைந்தது.

அந்த டப்பாவைக் கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "தம்பி, ராத்திரி பூரா செல்லைக் கழட்டி வெச்சிருந்தேன். காலையிலே போட்டா மறுபடியும் கேக்குது. அந்தச் செல்லு போலியா இருக்குமோ?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வீடியோ போட்டவர் மேல்தான்.

இந்தச் செல் விஷயத்தை இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

செல்லைக் கழற்றினால் பாஸ்வேர்டு போகும் என்பது முழுப்பொய் இல்லை. ஒரு காலத்து உண்மை அது. 1984-ல் ஐபிஎம் கொண்டுவந்த பிசி ஏடி கம்ப்யூட்டரில் கடிகாரமும் செட்டிங்குகளும் ஒரே சிப்பில் இருந்தன. மொத்தம் 64 பைட் நினைவகம், அது உயிரோடிருக்க ஒரு பேட்டரி. பின்னால் வந்த டெஸ்க்டாப்கள் பாஸ்வேர்டையும் பேட்டரியை நம்பியிருக்கும் அந்த மாதிரி நினைவகத்திலேயே (சீமாஸ் என்பார்கள்) வைத்தன. பேட்டரிக்குப் பதில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்டச் செல் வந்தது. கரண்ட் நின்றால் அந்த நினைவகம் மறந்துவிடும். அதனால்தான் செல்லைக் கழற்றிப் போட்டதும் பாஸ்வேர்டு போனது. உங்கள் வீட்டில் அந்தக் காலத்து டெஸ்க்டாப் ஏதாவது தூசி படிந்து கிடந்தால் இன்றும் இந்த வித்தை பலிக்கும். டெஸ்க்டாப் போர்டு பலவற்றில் இதற்கென்றே ஜம்பர் என்ற குட்டிச் சொருகியும் உண்டு, போர்டுப் புத்தகத்தில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

லேப்டாப் அப்படியில்லை. அதில் பெரும்பாலும் பாஸ்வேர்டு இருப்பது கரண்ட் இல்லாவிட்டாலும் மறக்காத சிப்பில். பென்டிரைவைப் பிடுங்கி ஒரு வருடம் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால் அதிலிருக்கிற கல்யாண போட்டோ அழிந்துவிடுகிறதா? இல்லையே. அதே சங்கதிதான் இதுவும். ராத்திரி பூரா கழற்றிவைத்தாலும் சரி, ஆடி மாசம் முழுக்கக் கழற்றிவைத்தாலும் சரி, அந்தச் சிப்புக்குச் செல் தேவையே இல்லை. செல்லைக் கழற்றினால் போவது கடிகாரம். தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும், அப்புறம் பேங்க் வெப்சைட் திறக்கவில்லை என்று அதற்குத் தனியாக ஒரு புகார் வரும். இப்போது வரும் பல லேப்டாப்களில் அந்த வட்டச் செல்லே கிடையாது. இல்லாத செல்லைத் தேடிப் போய் ஸ்பீக்கர் ஒயரை அறுத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

ஃபார்மேட் அடித்தாலும் போகாது. ஹார்டு டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே கேட்கும் பாஸ்வேர்டு இது.

தலைமையாசிரியர் கதைக்கு வருகிறேன். பாஸ்வேர்டு போட்டது வெளியூரில் படிக்கிற பேத்தியாம். "அவகிட்ட கேட்டீங்களா ஐயா?" என்றேன். பரீட்சை சமயம், எதுக்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டாராம். கடையில் உட்கார்ந்தபடியே போன் போடச் சொன்னேன். அரை நிமிடத்தில் அந்தப் பெண் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டாள்! அடித்துப் பார்த்தால் ஒரு எழுத்தும் விழவில்லை. செல்லைத் தேடிய வேகத்தில் கீபோர்டு ரிப்பன் கேபிளைப் பிடிக்கும் சின்னத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. நகக்கண் அகலத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக், மேலே தூக்க வேண்டியதை இழுத்திருக்கிறார். யூஎஸ்பி கீபோர்டைச் செருகி அடித்தேன், திறந்தது. பாஸ்வேர்டுக்கு நான் காசு வாங்கவில்லை. கனெக்டர் மாற்றியதற்கு வாங்கினேன்.

அதனால் மூடியைத் திறக்கும் முன் தயவுசெய்து இவற்றைப் பாருங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா? எண்பட்டை தனியாக இல்லாத பழைய லேப்டாப்களில் நம்பர் லாக் (Num Lock) எரிந்தால் ஜே, கே, எல் அடிக்கும்போது 1, 2, 3 விழும். திரையில் புள்ளியாகத்தான் தெரியும் என்பதால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏதாவது கீ செத்துப்போயிருக்கலாம், வெளிக் கீபோர்டு போட்டுப் பாருங்கள். மூன்று தடவை தப்பாக அடித்ததும் சிஸ்டம் முடங்கி நின்றால் பதற வேண்டாம், பெரும்பாலான மாடல்களில் அணைத்துப் போட்டால் மறுபடி கேட்கும். லேப்டாப்பை அமைத்துக்கொடுத்தது யார் என்று யோசியுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆளிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு என்னிடம் கொண்டுவராதீர்கள், கம்பெனிச் சொத்தை நான் திறக்க மாட்டேன்.

எந்தப் பாஸ்வேர்டு என்றும் பாருங்கள். ஆன் செய்ததும் கேட்டால் ஒரு வகை. விண்டோஸ் ஒழுங்காகத் திறந்து, பயாஸ் செட்டப்புக்குள் போகும்போது மட்டும் கேட்டால் அது சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. இரண்டாவது என்றால் அவசரமே இல்லை, முதலில் ஃபைல்களை வெளியே எடுத்துவையுங்கள். மூன்றாவதாக ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு ஒன்று உண்டு, அதுதான் கொடியது. அந்தப் பூட்டு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. கழற்றி வேறு லேப்டாப்பில் போட்டாலும் திறக்காது.

உண்மையிலேயே மறந்துவிட்டால்? கம்பெனியிடம் போக வேண்டும், பில்லோடு. டெல் லேப்டாப்பில் சர்வீஸ் டேக் எண்ணையும், உங்களுடையதுதான் என்பதற்கான சான்றையும் கொடுத்தால், பல மாடல்களுக்கு அவர்களே திறக்கும் பாஸ்வேர்டைத் தருவார்கள். இன்டெல் சிப் உள்ள மேக்கில் ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு (பயாஸ் பாஸ்வேர்டு மாதிரிதான்) போட்டு மறந்தால், வாங்கிய அசல் பில்லோடு ஆப்பிள் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். எம்1 சிப்பிலிருந்து தொடங்கி வந்த ஆப்பிள் சிப் மேக்குகளில் அந்தப் பாஸ்வேர்டே இல்லை. லெனோவோ திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால் மதர்போர்டை மாற்றுவதுதான் வழி என்று கம்பெனியே சொல்கிறது. இதைச் சொன்னால் நான் காசு பிடுங்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

போர்டை மாற்றியதோடும் முடியாது. டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் புதுப் போர்டைப் பார்த்ததும் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கும். "நான் பிட்லாக்கரே போடலையே சார்" என்பார்கள். நீங்கள் போட வேண்டாம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே பல லேப்டாப்களில் அது தானாக ஆன் ஆகியிருக்கும். கீ அந்தக் கணக்கில்தான் இருக்கும். அந்த மெயில் ஐடியின் பாஸ்வேர்டும் மறந்திருந்தால் நான் என்ன செய்ய?

பயாஸ் இருக்கிற சிப்பையே அழித்து எழுதித் தருகிறேன் என்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடியாத வேலை இல்லை, தெரிந்தவர்கள் செய்கிறார்கள். ஆனால் கடைக்குக் கடை கிடக்கிற அந்தக் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமர் (சிப்பில் எழுதும் கருவி) டேட்டா கால்களில் 5 வோல்ட் தள்ளும். சிப்போ 3.3 வோல்ட், புது லேப்டாப்கள் பலவற்றில் 1.8. அசல் ஃபைலை எடுத்துவைக்காமல் நெட்டில் கிடைத்ததை ஏற்றினால் சீரியல் எண் போகும், அந்தச் சிப்பிலேயே இருக்கிற விண்டோஸ் கீயும் போகும். அதே சிப்பில் இருக்கும் இன்டெல் எம்இ (இன்டெலின் தனி நிர்வாக புரோகிராம்) பகுதி கெட்டால் இன்னும் வேடிக்கை: லேப்டாப் அழகாக ஆன் ஆகும், 30 நிமிடத்தில் தானே அணைந்துவிடும். கடையில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது, வீட்டுக்குப் போனதும் அணைகிறது என்று வந்த ஒன்று இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. முதலில் கை வைத்தவர் போனை எடுப்பதில்லையாம்.

பில் இல்லாமல் வருகிற லேப்டாப்பை நான் தொடுவதில்லை. நீங்கள் திருடர் என்று சொல்லவில்லை. யாரோ ஒருவர் திருடியதை உங்களிடம் விற்றிருக்கலாம், அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவோ வேறு எந்த ஊரோ, செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது விண்டோஸ் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காசை நீட்டாதீர்கள். கடைக்காரர் எதிரிலேயே செட்டப்புக்குள் நுழையுங்கள். எஃப்2, எஃப்1, எஃப்10, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாஸ்வேர்டு கேட்டால், அவரையே எடுத்துத்தரச் சொல்லுங்கள். "அது ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே, பிறகு எடுத்துக்கலாம்" என்றால் வாங்க வேண்டாம்.

இனி பாஸ்வேர்டு போடுகிறவர்களுக்கு: ஹாஸ்டல் நண்பன் கேம் விளையாடக்கூடாது என்பதற்கெல்லாம் பயாஸ் பாஸ்வேர்டு போடாதீர்கள் கண்ணுகளா, விண்டோஸ் பாஸ்வேர்டே போதும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் காகிதத்தில் எழுதி, வாங்கிய பில்லோடு சேர்த்து பீரோவில் வையுங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் நாளாக ஆக வெளுத்துவிடும், இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தப் போட்டோவை அதே லேப்டாப்பில் மட்டும் வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்கு வரும்போது லேப்டாப், சார்ஜர், பில். மூடியை நானே திறந்துகொள்கிறேன்.